ஆட்டுக்குப் போன பக்தி

இந்தா பாருங்க, நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு அழுகிப் போவட்டும், அது பத்தாதுன்னா என் மச்சான் நாக்கும் சேந்து அழுவட்டும், அவன் நாக்கு போனா ஊருக்கே நல்லதுதான். கூட்டிச் சொல்லுத அளவுக்கு நமக்குப் படிப்பும் கெடையாது, கொறச்சுச் சொல்லுத அளவுக்குப் பொறுமையும் கெடையாது. அதனால நடந்தத நடந்தபடிக்கே கேட்டுக்கோங்க.

சாத்தாங்கரையில ஒரு செவ்வாக்கிழம காலையில, ஆனிக்காத்து கூர ஓடெல்லாம் பேத்து எடுத்துக்கிட்டிருந்த நேரம், மாவு மில்லு முப்பிடாதி எண்ணெச் சொம்ப எடுத்துக்கிட்டு வடக்குவாச்செல்வி அம்மன் கோயிலுக்குப் போனா, வெளக்கப் பொருத்துனா, கையக் கூப்புனா, கண்ண மூடுனா, உள்ள ஒண்ணும் ஓடல. பெல்ட்டு கழண்ட மிசினு மாதிரி மோட்டாரு அது பாட்டுக்குச் சுத்துது, கல்லு அப்படியே நிக்கி. திரும்பிப் பாத்தா பூசாரி வேலாண்டி சூடம் எரியுத தீவாரணத் தட்டக் கையில வச்சுக்கிட்டு, செல்விய மேலயும் கீழயும் பாத்துக்கிட்டு நிக்காரு.

"ஏ முப்பிடாதி, இம்புட்டுப் பெரிய கல்லுக்கு நாம எதுக்குப் பாவாட கட்டி வச்சிருக்கோம்?"

"எனக்குந்தான் அண்ணாச்சி அப்படித் தோணுது. ஒங்களுக்கு எப்பருந்து?"

"பல்லு வெளக்கும்போது போயிருச்சு. வலிக்கல. பல்லு பிடுங்குன எடத்துல நாக்கு போயிப் போயிப் பாக்கும்லா, அப்படி இருக்கு."

அவுக ரெண்டு பேருக்கும் பின்னால, கோயில் வாசல்ல, ஊரு ஆடெல்லாம் தலையத் தொங்கப் போட்டு வரிசையா நின்னுச்சு. வெள்ளாடு, செம்மறி, குட்டி, கெடா, ஒண்ணு விடாம. தீவாரணத் தட்ட வேலாண்டி சும்மா கீழ வைக்கப் போனாரு, எல்லாம் ஒரே நேரத்துல முன்னங்கால மடக்கி உக்காந்துச்சு. சூடம் அணையுத வரைக்கும் ஒரு ஆடு அசைபோடல. பொறவு எந்திரிச்சு, கோயில வலமாச் சுத்தி, மேயப் போச்சு. ஊருக்குள்ள இருந்த சாமி நம்பிக்க அம்புட்டும் மனுசன விட்டுக் கழண்டு ஆட்டுக்குள்ள போயிருச்சு, அவ்வளவுதான் விசயம். காத்து கொண்டுபோச்சா, தண்ணியில கலந்துச்சான்னு யாரும் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க. ஒரு தெருவையும் விட்டு வைக்கல. பள்ளிவாசல் தெரு ஆடு பள்ளிவாசல் படியில நின்னுச்சு, மாதா கோயில் தெரு ஆடு மாதா கோயில் வாசல்ல நின்னுச்சு, அந்தந்த வீட்டு மனுசங்க திண்டாட்டமா ஆட்ட நிமுந்து பாத்துக்கிட்டு நின்னாவ.

முப்பிடாதிக்கு ஆடாவது மாடாவது. அவளுக்குப் புருசன் நெனப்புதான். ஏன்னா அவ புருசன் பலவேசத்தோட கழுத்து செல்வி கையிலதான் இருந்துச்சு.

சங்கதி இதுதான். முன்னால ஒரு கோயில் கொடையில, சாமிக்கு வெட்டுன கெடாவோட தலை மொதல்ல எந்த வீட்டுக்குப் போவணும்ங்கித சண்டையில, பலவேசம் பந்தக்கால உருவி தளவாயோட தம்பி குட்டிராசு மண்டையில போட்டான், குட்டிராசு அங்கனயே விழுந்து செத்துப்போனான். பலவேசம் செயிலுக்குப் போயி இருந்துட்டுத் திரும்பி வந்தான். தளவாய் யாருன்னா, கொடைக்குக் கெடா வெட்டுத உரிமையுள்ள குடும்பம், அருவா அவன் கையில இருக்குதது அவன் கையில வெரலு இருக்குத மாதிரி. ஊர்க்காரவ பயந்துபோயி தளவாயக் கோயிலுக்கு இழுத்துட்டு வந்து, உள்ளங்கையில சூடத்த ஏத்தி வச்சு, "பலவேசம் மேல அருவா வைக்க மாட்டேன், வச்சா செல்வி எங்குலத்த அறுக்கட்டும்"னு சத்தியம் வாங்குனாவ. சூடம் எரிஞ்சு அணையுத வரைக்கும் தளவாய் கைய ஒதறவே இல்ல. அன்னைலருந்து முப்பிடாதி செவ்வா தவறாம செல்விக்கு எண்ணெ ஊத்துதா. பக்தியில பாதி, காவக்காரனுக்குக் காப்பி வாங்கிக் குடுக்குத மாதிரி பாதி.

இப்பக் காவக்காரன் ஓடிப்போயிட்டான். எனக்குக் கழண்ட மாதிரி தளவாய்க்கும் கழண்டிருக்கும்லான்னு நெனச்சா, எண்ணெச் சொம்பப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுனா, பலவேசத்த மில்லுக்குப் பின்னால தவிட்டு மூட்டைக்கு எடையில உக்கார வச்சு வெளிய தாப்பாப் போட்டா.

ஊருல அவ மட்டுமா தாப்பாப் போட்டா? எல்லாரும் போட்டாவ. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கடத்தெருவுல பூட்டே கெடையாது, சைக்கிள் செயின வாங்கிக் கதவுல கோத்தவுகளும் உண்டு. யாரக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "நான் ஒண்ணும் செய்ய மாட்டேம்ப்பா, எனக்கென்ன. அந்தா போறாம்பாரு அவனை நெனச்சாத்தான் பயமா இருக்கு. சாமிக்குப் பயந்துதான இம்புட்டு நாளு சும்மா இருந்தான்." அந்தா போறவன்ட்ட போயிக் கேட்டா அவனும் இவனக் காட்டி அதேதான் சொல்லுதான். இப்படி ஊரே தன்னை நல்லவன்னும் மத்தவனக் கொலகாரன்னும் வச்சுக்கிட்டு, கம்பும் கையுமா எதுக்கோ காத்துக்கெடந்துச்சு.

ஒண்ணும் வரல. அதுதான் பெரிய ஏமாத்தம். கொழாயடியில கொடத்துக்குச் சண்ட வந்துச்சு, முடியப் பிடிச்சாளுக, அது போன வாரமும் பிடிச்ச முடிதான். சாராயத்தக் குடிச்சிட்டுப் பொண்டாட்டிய அடிக்குதவன் சாமி இருந்தப்பவும் அடிச்சான், இப்பவும் அடிச்சான், அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கோயில் உண்டியல ஒருத்தன் ஒடச்சான். அவனும் யாருன்னு பாத்தா, முந்தி மால போட்டு ஊரு ஊரா நடந்தவன். அதே நேரம், பக்கத்து வீட்டுக் கெழவனுக்குத் தெனமும் கஞ்சி குடுத்தவ, புண்ணியம்ங்கித சொல்லே மறந்துபோன பொறவும் கஞ்சி குடுத்தா. எதுக்குடி குடுக்கேன்னு கேட்டதுக்கு, "குடுக்கலன்னா கத்துவாரு"ன்னா.

இதுல மனசு நொந்துபோனது சைக்கிள் கட கொம்பையாதான். கருப்புச்சட்ட. வயசுக்கு வந்த நாள்லருந்து சாமி இல்ல சாமி இல்லன்னு ஊரோட மல்லுக்கு நின்னவன், இப்ப ஊரே ஆமா இல்லதான்னு சொல்லவும், எதுத்துப் பேச ஆளில்லாம மூஞ்சி செத்துப்போச்சு. அவன் கடையில பஞ்சரு ஒட்ட வந்தவன விட, புத்தி கேக்க வந்தவனுகதான் சாஸ்தி.

முப்பிடாதியும் போனா. "கொம்பையாண்ணே, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீக. சாமி பயமே இல்லாம இம்புட்டு வருசம் யாரையும் வெட்டாம எப்படிண்ணே இருந்தீக?"

"எல்லாப் பயலும் இதையேதான் கேக்கானுக. நானென்ன வெட்டணும்னு பொறப்பட்டு, போற வழியில மறந்துட்டா வந்தேன்?"

"இல்லண்ணே, யாரு மேலயாவது ஆத்திரம் வரும்லா. வந்தா எதப் பிடிச்சுக்குவீக?"

கொம்பையா டியூபத் தண்ணித் தொட்டியில முக்கி காத்து முட்ட வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தான். "ஆத்திரமெல்லாம் வரும். கத்துவேன். தொண்ட வலிக்கும். சோறு தின்னுட்டுப் படுத்துருவேன். வெட்டுனா அவன் பொண்டாட்டி வந்து வாசல்ல நின்னு அழுவா, அத எவன் கேக்கது. இம்புட்டுதான் தாயி என் கொள்க. நீ தளவாய நெனச்சுத்தான கேக்கே?"

"ஆமா."

"அவனுக்கு என்ன ஓடுதுன்னு அவன்ட்டதான் கேக்கணும். நானென்ன சாமியா, எல்லாருக்குள்ளயும் போயிப் பாத்துட்டு வர?" சாமின்னு வாயில வந்துருச்சேன்னு அவனே நாக்கக் கடிச்சுக்கிட்டான்.

மனுசன் கத இப்படின்னா ஆட்டுக் கத வேற. பக்தி வந்த புதுசுல ஆடுக பதவிசா இருந்துச்சு. வெள்ளிக்கிழம வெரதம், ஒரு தழயத் தொடாது. அதுகளப் பாத்துக் கறிக்கடக்காரனுக்கே கை கூசுச்சு. நாளாவ ஆவ, தெக்குத்தெரு ஆட்டுக்கும் வடக்குத்தெரு ஆட்டுக்கும் கோயில் வாசல்ல யாரு முன்னால நிக்கதுன்னு வந்துச்சு பாருங்க, ரெண்டு கெடாவும் பின்னால போயிப் போயி ஓடியாந்து முட்டுச்சு, ஒண்ணுக்குக் கொம்பு முறிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. பாத்துக்கிட்டு நின்ன நம்மாளுகளுக்கு ஒரே சிரிப்பு. "பாருடா, பக்தி வந்தாலே இப்படித்தான்"னு ஒருத்தன் சொன்னான். ஆட்டுக்காரப் பூலம்மா மட்டும், "அட கோட்டிப்பயலே, அதுக ரெண்டும் பக்தி வாரதுக்கு முந்தி புண்ணாக்குச் சட்டிக்கு முட்டும், ஒனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு"ன்னு சொல்லி மஞ்சளப் பத்துப் போட்டா.

இதையெல்லாம் விட முப்பிடாதிய வாட்டுனது பலவேசத்தோட கொறட்ட. கொறட்ட நின்னுபோச்சு.

செயில்லருந்து வந்த நாள்ல பலவேசம் செல்வி முன்னால விழுந்து உருண்டான், அலகு குத்துனான், தீச்சட்டி எடுத்தான், வருசா வருசம் குட்டிராசு பேரச் சொல்லி ஒரு கெடா விட்டான். "தாயி மன்னிச்சிட்டா"ன்னு ஒரு நாள் வந்து சொன்னான், அன்னைலருந்து மில்லு ஓடுத சத்தத்துக்கு மேல கொறட்ட. முப்பிடாதிக்குச் சந்தோசந்தான், ஆனாலும் ஓரத்துல ஒரு எரிச்சல்: தம்பியப் பறிகொடுத்தவன் அந்தத் தெருவுல முழிச்சுக் கெடக்கான், மன்னிப்பு இங்க வந்து சேந்துருச்சேன்னு. இப்ப, தவிட்டு மூட்டைக்கு எடையில, பலவேசம் கண்ண முழிச்சு கூர ஓட்டப் பாத்துக்கிட்டே கெடந்தான்.

"என்ன செய்யுது?" முப்பிடாதி கேட்டா.

"குட்டிராசு நெனப்பாவே இருக்குடி. முந்தி நெனப்பு வந்தா கோயிலுக்குப் போயிக் குடுத்துட்டு வந்துருவேன். இப்ப எங்க போயிக் குடுக்க?"

"தளவாய் வீடு அந்தா இருக்கு."

"போனா வெட்டிருவான்."

"அப்பக் கெட."

சொல்லிட்டாளே தவிர, போகும்போது தாப்பாள மறுபடியும் போட்டுட்டுத்தான் போனா.

மறுநாளு, உச்சி வெயில்ல, மில்லுல வத்தல் மல்லி திரிச்சுக்கிட்டிருக்கும்போது, வாசல்ல நெழல் விழுந்துச்சு. தளவாய். குட்டிராசு செத்ததுலருந்து அவன் இந்த மில்லுப் படிய மிதிச்சதில்ல, மாவு திரிக்கப் பக்கத்து ஊருக்குப் போவான். தும்மிக்கிட்டு நின்ன பொம்பளைக எல்லாரும் சட்டிய விட்டுட்டு வெளிய போயிட்டாளுக. முப்பிடாதி சுவிச்ச அமுத்துனா. கல்லு நிக்க நேரம் எடுத்துச்சு.

தளவாய் கையில அருவா இல்ல. அதப் பாத்தும் அவ நம்பல, வெறுங்கையாலயே கழுத்தத் திருகுதவன் அவன்.

"அண்ணாச்சி," முப்பிடாதி நேராக் கேட்டா, "ஒங்க சத்தியம் போயிருச்சு. வெட்டப் போறீகளா?"

தளவாய் வாசப்படியில உக்காந்தான். உள்ளங்கையில சூடத் தழும்பச் சொறிஞ்சான். "நீங்கள்லாம் ஒரு சத்தியத்தத்தான் பாத்தீக. நான் ரெண்டு பண்ணுனேன். தம்பியப் பொதச்சிட்டு வந்து, செல்விட்ட தனியா நின்னு, பலவேசம் தலைய ஒனக்குத் தாரேன்னு சொல்லியிருந்தேன். பொறவுதான் ஊரு வந்து தர மாட்டேன்னு சூடம் வைக்கச் சொல்லிச்சு. ரெண்டும் அவகிட்டதான் கெடக்கு. கோயிலுக்கு முன்னால நடந்தா, எங்கடா தலைன்னு கேப்பா. அருவாளத் தொட்டா, எங்கடா சத்தியம்னு கேப்பா. இம்புட்டு வருசம் ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்து, என் தோளே ஒரு பக்கம் எறங்கிட்டு."

"இப்ப?"

"இப்ப யாரும் கேக்கல. வெட்டுன்னும் சொல்ல ஆளில்ல, வெட்டாதன்னும் சொல்ல ஆளில்ல. நானே முடிவு பண்ண வேண்டியிருக்கு. அதான் கஷ்டமா இருக்கு. அவன் இருந்தாக் கூப்புடு."

கூப்புட வேண்டிய தேவையே இல்லாம, தாப்பாள ஒதச்சுப் பிரிச்சுக்கிட்டு பலவேசம் வந்தான். மேலெல்லாம் தவிடு. தளவாய் முன்னால நின்னான். சாமி முன்னால தமிழ்ல உள்ள எல்லாச் சொல்லையும் சொல்லி அழுதவன், மனுசன் முன்னால ஒரு சொல்லு வராம நின்னான்.

"நாந்தான் அடிச்சேன்," கடைசியில சொன்னான். "கோர்ட்டுல கூட்டத்துல பட்டுருச்சுன்னு சொன்னது பொய்யி. வேணும்னே அடிச்சேன். விழுந்து கெடந்து தண்ணி கேட்டான். கையெட்டுத தூரத்துல கொடம் இருந்துச்சு. குடுக்காம ஓடிட்டேன்."

தளவாய் எந்திரிச்சான். விட்டான் பாருங்க ஒரு அற, பலவேசத்துக்குக் கடவாப்பல்லு தெறிச்சு மல்லிக் கூடையில விழுந்துச்சு. பூட்டும் செயினும் வாங்கிப் போட்டு ஊரு காத்துக்கெடந்த அந்த மாசத்துல, விழுந்த பெரிய அடி அதுதான். முப்பிடாதி தடுக்கல. தடுக்கணும்னு கை போச்சு, பாதியில நிறுத்திக்கிட்டா.

"தண்ணி கேட்டானா?" தளவாய் கேட்டான்.

"கேட்டான்."

"எப்படிக் கேட்டான்?"

பலவேசம் சொன்னான். தளவாய் கேட்டுட்டுப் போயிட்டான். மறுநாளும் வந்தான், அதே படியில உக்காந்தான், மறுபடியும் மொதல்லருந்து சொல்லுன்னான், பலவேசம் பல்லு போன வாயோட மொதல்லருந்து சொன்னான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். ஊரு எட்ட நின்னு பாத்துச்சு, அவனுக்கு வெட்டவும் தெரியல விடவும் தெரியலன்னு பேசிக்கிச்சு, பேசிப் பேசிச் சலிச்சு, கதவுல கோத்த செயினக் கழத்திச் சைக்கிள்ல மாட்டிக்கிச்சு. பொறவு ஒரு நாள் தளவாய் படியில உக்காரல. தோள்ல இருந்த புழுங்கரிசிப் பைய எறக்கி மிசினு பக்கத்துல வச்சான்.

"இடியாப்பத்துக்கு," முப்பிடாதியப் பாக்காம சொன்னான், "நைசாத் திரிக்கணும்."

முப்பிடாதி திரிச்சா. மாவு சூடா எறங்க எறங்க, அவளுக்குப் புதுசா ஒரு பயம் வந்து ஒட்டிக்கிச்சு. பக்தி போயிருச்சேன்னு பயந்தவ, அது திரும்பி வந்துட்டா என்ன செய்யன்னு பயந்தா. செல்வி திரும்பி வந்தா கேப்பாளே, எங்கடா தலைன்னு.

ஆடி பொறந்துச்சு, கொட வந்துச்சு. நம்பிக்கையே இல்லாத ஊருக்குக் கொட எதுக்குன்னு யாரும் கேக்கல. கேட்டாக் கறி கெடையாதுல்லா. பந்தல் போட்டாவ, வில்லுப்பாட்டுக்காரங்க வந்தாவ, மேளக்காரன் அடிச்சான், வேலாண்டி கல்லுக்குப் புதுப் பாவாட கட்டுனாரு. கெடாவக் கொண்டாந்து நிறுத்துனாவ. தளவாய் அருவாளோட நின்னான். கெடாவப் பிடிக்குதது பலவேசம் குடும்பத்து மொற, குட்டிராசு செத்ததுலருந்து வேற ஆளு பிடிச்சு ஒப்பேத்துனாவ, இந்தத் தடவ பலவேசமே குனிஞ்சு காதப் பிடிச்சான். ஊரு கெடாவப் பாத்து நின்னுச்சு. முப்பிடாதி மட்டும் கூட்டத்துல முந்தானையக் கடிச்சுக்கிட்டு நின்னா.

கெடா மேல மஞ்சத்தண்ணி தெளிச்சாவ. சாத்தாங்கரையில, கெடா ஒடம்பச் சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு குடுத்ததாக் கணக்கு, சிலுப்பாம அருவா எறங்காது. கெடா சிலுப்பல. அதுக்குத்தான் பக்தி முத்திப் போயிருக்கே, செல்விய வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டு செல மாதிரி நிக்கி. குடம் குடமா ஊத்துனாவ. நிக்கி. காதுல ஊதுனாவ. நிக்கி. சாமியே இல்லன்னு ஒத்துக்கிட்ட ஊரு, சாமி உத்தரவுக்காக வேர்க்க விறுவிறுக்க நின்னுச்சு.

"சும்மா வெட்டுங்கய்யா, கல்லுக்கு எதுக்கு உத்தரவு?" கொம்பையா கத்துனான்.

"மொறன்னு ஒண்ணு இருக்குல்லா, அண்ணாச்சி," வேலாண்டி அவன அடக்குனாரு. "சாமி இல்லாட்டிப் போவுது, மொற வேணும்."

பொழுது சாயுத நேரம், எலும்பு வரைக்கும் ஈரம் எறங்கிட்டோ என்னமோ, கெடா மூக்குலருந்து வாலு வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்புச்சு. சிலுப்புன தண்ணியோட, ஆட்டுக்குள்ள இருந்த அம்புட்டும் வெளிய தெறிச்சு, சுத்தி நின்ன சனத்து மேல விழுந்துச்சு. பொம்பளைக கொலவ போட்டாளுக, மேளம் தன்னால வேகம் பிடிச்சுச்சு, வேலாண்டி கண்ணீரா ஊத்துனாரு, கொம்பையா மொகம் தெளிஞ்சு, "சாமியாவது மண்ணாவது"ன்னு பழையபடி ஆரம்பிச்சான். கெடா செல்வி கழுத்து மாலைய எட்டிப் பிடிச்சுத் தின்னுச்சு.

தளவாயோட அருவா மேல போயிட்டு. கீழ கெடாவோட கழுத்து, அதுக்குப் பக்கத்துலயே காதப் பிடிச்சுக் குனிஞ்ச பலவேசத்தோட கழுத்து. தளவாய் உடம்பு ஆடுச்சு. அவனுக்குள்ள செல்வி வந்துட்டா, வந்த வேகத்துல எங்கடா தலைன்னு கேட்டுட்டாள்னு முப்பிடாதிக்குத் தெரிஞ்சுபோச்சு. பலவேசமும் தெரிஞ்சுதான் இருந்தான். காத விடல, கழுத்த நகத்தல.

தளவாய் அருவாள எறக்காம செல்விய நிமுந்து பாத்தான். மேளம் நின்னுச்சு.

"தாயி," தளவாய் சொன்னான், பக்கத்து வீட்டு ஆளுட்ட பேசுத கொரல்ல, "நீ ஊருல இல்லாதப்ப அத நாங்களே பேசி முடிச்சிட்டோம். நீ கெடாவோட போதும்னு இரு."

செல்வி என்ன சொன்னாளோ, அது அவனுக்கும் அவளுக்கும். தளவாய் கொஞ்ச நேரம் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டான். பொறவு குனிஞ்சு பலவேசத்துட்ட, "தலைய அங்கிட்டுத் தள்ளி வையில, வீச எடங் காணாது"ன்னான். பலவேசம் தள்ளி வச்சான், அருவா கெடா கழுத்துல எறங்குச்சு, முப்பிடாதி முந்தானைய வாயிலருந்து எடுத்தா.

அவ்வளவுதான் கத, எந்திரிங்க. கேட்டவுக கேட்ட எடத்துல கையக் கட்டிக்கிட்டு நழுவக் கூடாது. நம்புனவுக ஆளுக்கு ஒரு ரொட்டியும் சால்னாவும் எனக்கு எடுத்து வைங்க, சால்னாவுல எலும்பு கெடக்கணும். நம்பாதவுக ரெண்டு ரொட்டி வைக்கணும், ஓசியாக் கேட்டுட்டுப் போனா எந்தச் சாமியும் கேக்காதுங்கித தைரியம் ஒங்களுக்குத்தான சாஸ்தி.